முதல்ல போடு, அப்புறம் திருத்திக்கலாம்

'இரங்கல் தெரிவித்தார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'இறங்கல் தெரிவித்தார்' என்று வந்திருப்பதைக் கைபேசியில் தமிழ்ச் செய்தி படிக்கிற யாரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். நீட் விலக்கு கேட்டுத் தீர்மானம் போட்டால் அது 'நீட் விளக்கு' ஆகிவிடும். புதிய ஆட்சியர் பொறுப்பேற்றால் 'பொருப்பேற்றார்' என்று வரும். பொருப்பு என்றால் மலை. முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு, ஏற்ப்பட்டது போன்றவை பிழை என்பதே பலருக்கு மறந்துபோகிற அளவுக்குப் பழகிவிட்டன.

இவற்றில் பெரும்பாலானவை எழுதத் தெரியாமல் வருகிற பிழைகள் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கில விசைப்பலகையில் தமிழை ஒலிப்படி தட்டும்போது ர வேண்டுமா ற வேண்டுமா என்று மென்பொருளே ஒன்றை எடுத்துப் போட்டுவிடும். ல, ள, ழ மூன்றுக்கும் அதே கதை. ந, ன, ண மூன்றுக்கும் அதே கதை. தட்டுகிறவரின் கண் அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருக்கும். தான் எழுதியதைத் தானே திரும்பப் படித்தால், எழுத நினைத்ததுதான் கண்ணில் படும், எழுதியிருப்பது படாது. எவ்வளவு தேர்ந்தவருக்கும் இது நடக்கும். அதனால்தான் அச்சுக் காலம் முழுக்க எழுதுகிறவர் ஒருவர், படித்துப் பார்க்கிறவர் இன்னொருவர் என்று வைத்திருந்தார்கள். அந்த இன்னொருவரை இணையச் செய்தி அறைகளில் காணோம்.

நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தபோது, பிழை பார்க்கும் புரூஃப் செக்‌ஷன் தனி அறையில் இருந்தது. கம்போஸ் ஆன செய்தி பிரின்ட் எடுக்கப்பட்டு அங்கே போகும். ஒருவர் மூலப் பிரதியை உரக்கப் படிப்பார்; அவருக்குக் காப்பி ஹோல்டர் என்று பெயர். இன்னொருவர் புரூஃபின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு வரிவரியாகக் கூடவே வருவார். கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் வாயால் சொல்லப்படும். பெயர் வந்தால் வேகம் குறையும். 'கருணாகரன், மூணு சுழி ணா, கடைசியில ரெண்டு சுழி ன்' என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அந்த அறையைக் கடந்து போனால், நான்கைந்து குரல்கள் ஒரே நேரத்தில் ஊர்ப் பெயர்களையும் இனிஷியல்களையும் ஒப்பித்துக்கொண்டிருப்பது கேட்கும்.

அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார். புலவர் பட்டம் வாங்கியவர். எல்லாரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் போடும் திருத்தக் குறிகளைவிட, ஓரத்தில் போடும் கேள்விக்குறிகளுக்குத்தான் எங்களுக்குப் பயம். ஒருநாள் திருப்பத்தூர் அருகே பஸ் கவிழ்ந்த செய்தியை நான் எழுதி அனுப்பியிருந்தேன். ஐயா புரூஃபைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இது எந்தத் திருப்பத்தூர்? வேலூர்ப் பக்கமா, சிவகங்கைப் பக்கமா?"

"சிவகங்கைங்க ஐயா."

"அப்ப அதைப் போட்டுடுங்க. ரெண்டு ஊர்லயும் பஸ்ல போன பிள்ளைய நினைச்சுக்கிட்டு யாராவது உட்கார்ந்திருப்பாங்க."

அப்போது திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகவில்லை. அது 2019-ல் நடந்தது. செய்தியை எழுதும்போது எனக்கு ஊர் தெரியும் என்பதால் மாவட்டத்தைச் சேர்க்கத் தோன்றவில்லை. படிக்கிறவருக்குத் தெரியாது என்பது, முதல்முறையாகப் படிக்கிற ஐயாவுக்குத்தான் தோன்றியது. தலைப்பில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று இருந்தால் கீழே உள்ள பெயர்களை அவர் விரல் விட்டு எண்ணுவார். தேதிக்கு என்ன கிழமை என்று காலண்டரில் பார்ப்பார். முதல் பத்தியில் 45 வயது, நான்காவது பத்தியில் 54 வயது என்று வந்தால் இரண்டையும் வட்டமிட்டு ஒரு கோட்டால் இணைத்துத் திருப்பி அனுப்புவார். ஒற்று மிகுமா மிகாதா என்பதைப் பார்ப்பதும் அவர் வேலைதான். ஆனால் அவர் வேலையில் அது சிறு பகுதி.

1955-ம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், பத்திரிகையாளர் என்றால் யார் யார் என்று சொல்லும்போது ஆசிரியர், நிருபர், கார்ட்டூனிஸ்ட், புகைப்படக்காரர் ஆகியோரோடு புரூஃப் ரீடரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். புரூஃப் ரீடரை அச்சக ஊழியர் கணக்கில் தள்ளாமல், செய்தியை உருவாக்குகிறவர்களில் ஒருவராக அந்தச் சட்டம் பார்த்தது. ஆனால் அதே சட்டத்தில் செய்தித்தாள் என்றால் அச்சிட்ட இதழ். இணையதளம் என்ற ஒன்று அன்றைக்கு யார் கனவிலும் கிடையாது. பிறகு இணையதளங்கள் தொடங்கப்பட்டபோது நிருபர் வந்தார், உதவி ஆசிரியர் வந்தார், வீடியோ எடிட்டர் வந்தார், தேடுபொறியில் செய்தியை மேலே கொண்டுவருவதற்கென்று ஒருவர் வந்தார். புரூஃப் ரீடர் என்ற நாற்காலி மட்டும் புதுக் கட்டடத்துக்கு வரவேயில்லை. அச்சுப் பக்கத்திலும், ஓய்வு பெற்றவரின் இடத்துக்கு ஆள் எடுக்காமலேயே பல இடங்களில் அந்தப் பிரிவு தேய்ந்துபோனது.

இது தமிழுக்கு மட்டும் வந்த கேடும் இல்லை. 2017-ல் நியூயார்க் டைம்ஸ் செய்திகளைப் படித்துத் திருத்துவதற்கென்று தனியாக இருந்த தன் காப்பி டெஸ்க்கையே கலைத்தது. அந்த ஜூன் மாதம் ஊழியர்கள் வேலையைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கு வெளியே வந்து நின்றார்கள். அவ்வளவு வசதியுள்ள பத்திரிகைக்கே அந்த நிலை என்றால், இங்கே கேட்கவே வேண்டாம்.

இணைய டெஸ்க்கில் தினமும் காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு: 'முதல்ல போடு, அப்புறம் திருத்திக்கலாம்.' இதைச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு செய்தி கைபேசி அறிவிப்பாக முதலில் யாரிடமிருந்து போகிறதோ, தேடுபொறியில் யாருடைய பக்கம் முதலில் ஏறுகிறதோ, அங்கேதான் கூட்டம் போகும். கூட்டம் போகிற இடத்தில்தான் விளம்பரக் காசு. அதனால் ஐந்து நிமிடத் தாமதம்கூட நஷ்டக் கணக்கில் வரும். அச்சில் பிழை வந்துவிட்டால் நாள் முழுக்க ஆயிரக்கணக்கான கைகளில் அது நிற்கும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம்தான் அச்சுக்குப் போகும் முன்பே எங்களைப் படிக்க வைத்தது. இணையத்தில் எந்த நேரமும் திருத்தலாம் என்பதால் போடும்முன் படிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. போட்டபிறகு அடுத்த செய்தி காத்திருக்கிறது.

அங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்ப்பது, படம் தேடுவது, தலைப்பு வைப்பது, தேடுசொற்களை நிரப்புவது, சமூக வலைதளங்களில் பகிர்வது எல்லாம் ஒரே ஆள். ஷிஃப்டுக்கு இத்தனை செய்தி என்று கணக்கு வேறு. அந்த ஆளையே பிழையும் பார்த்துக்கொள் என்று சொல்வது, பிழை பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

எங்கே அதிகம் அடிபடுகிறது என்றால், ஊர்ப் பெயரில். நம் ஊர்ச் செய்தியே ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு தமிழுக்கு வருகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ல, ள, ழ வித்தியாசம் தெரியாது. போளூர் 'போலூர்' ஆகிறது. விழுப்புரத்தை 'வில்லுபுரம்' என்று எழுதியதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டத்தில் மலைக்கோயில் உள்ள ஊர். சோழிங்கநல்லூர் சென்னையில் ஐ.டி. நிறுவனங்கள் இருக்கிற பகுதி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும். மேலோட்டமாகப் பார்த்து மொழிபெயர்க்கிறவர் ஒன்றை இன்னொன்றாக்கிவிட்டால், தமிழ்நாட்டு வரைபடம் மனதில் இருக்கிற ஒருவர் படித்தால் மட்டுமே அது பிடிபடும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை போட்டது. விமர்சனம் எழுந்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஆணையின் நிறைகுறை ஒருபக்கம் இருக்கட்டும். ஆங்கிலத்தில் இருப்பதை வைத்து ஒரு தமிழ் ஊரின் பெயரைச் சரியாக எழுதிவிட முடியாது என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி.

அடுத்தது எண்கள். ஒரு மில்லியன் என்றால் 10 லட்சம். ஒரு பில்லியன் என்றால் 100 கோடி. ஒரு டிரில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கணினி ஓரத்தில் ஒட்டிவைத்தாலே போதும். ஆனாலும் 50 மில்லியன் டாலர் நிவாரணம் '50 லட்சம் டாலர்' ஆவதும், 1.2 பில்லியன் '1.2 கோடி' ஆவதும் நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது பிழையில் தொகை நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதை வைத்து அரசியல் பேசுகிறார்கள், மேடையில் மேற்கோள் காட்டுகிறார்கள்.

கண்ணுக்கே தெரியாத பிழையும் ஒன்று உண்டு. கௌதம் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். க-வோடு ஔகாரக் குறி சேர்ந்தால் கௌ. பல தளங்களில் இது கெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டப்பட்டிருக்கும்: கெளதம். பழைய தட்டச்சிலும் பழைய எழுத்துருக்களிலும் அப்படித்தான் அடித்தோம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்ததால் யாருக்கும் சங்கடம் இல்லை. இன்று கணினியும் கைபேசியும் எழுத்துகளைக் குறிக்கிற யுனிகோடு முறையில் இரண்டும் வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் அதை 'கெ-ள-தம்' என்றே உச்சரிக்கும். ஔவையார் 'ஒளவையார்' ஆவதும் இதே வழியில்தான். தளம் முழுக்க ஒருமுறை தேடி மாற்றினால் தீர்ந்துபோகும் இந்த வேலையைச் செய்வதற்கும் ஒருவர் வேண்டும்.

மழைக்காலத்தில் இது வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விடுமுறையை அறிவிப்பவர் அந்தந்த மாவட்ட ஆட்சியர். ஒரு மாவட்டம் விட்டுப்போகலாம், இன்னொன்று கூடுதலாகச் சேரலாம், பள்ளிகளுக்கு மட்டும் என்பது பள்ளி கல்லூரிகளுக்கு என்று ஆகலாம். போன வருடச் செய்தியே புதுத் தலைப்போடு திரும்ப வருவதும் உண்டு. உள்ளே தேதி இருக்காது, 'நாளை' என்று மட்டும் இருக்கும். கொட்டும் மழையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய பள்ளி வாசலில் நிற்கிற அம்மாவுக்கு, அந்தச் செய்தியை இன்னொருவர் படித்துப் பார்க்காததன் விலை தெரியும்.

இத்தனையும் மனதில் இருந்தாலும் எழுத உட்கார வைத்தது வேறொன்று. எங்கள் ஊரில் கடை வைத்திருப்பவர் ஒருவர், கடையில் வேலை பார்த்தவர் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகப் போலீஸில் புகார் கொடுத்தார். விசாரித்து அந்த ஆளைக் கைது செய்தார்கள். மறுநாள் ஒரு செய்தித் தளத்தில் வந்த செய்தியில், இவர் 'கொடுத்த புகாரின்பேரில்' என்று இருக்க வேண்டிய இடத்தில் இவர் 'மீது கொடுத்த புகாரின்பேரில்' என்று இருந்தது. மீது. அந்த ஒரு சொல்லால் பணத்தைப் பறிகொடுத்தவரே கைதானவர் ஆகிவிட்டார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. இலக்கணமும் சரி. காலை பத்து மணிக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது.

கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நீங்க பேப்பர்ல இருந்தவருதானே, யாருகிட்ட பேசணும்னு சொல்லுங்க" என்றார். அந்தத் தளத்தில் தொலைபேசி எண் தேடினோம், இல்லை. மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. பழைய பழக்கத்தில் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் இன்னொருவரைப் பிடித்து, சாயங்காலம் அந்தச் சொல்லை நீக்க வைத்தோம். நீக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். திருத்தியிருக்கிறோம் என்று ஒரு வரி கிடையாது. காலையில் படித்தவர்களுக்குத் திருத்தம் நடந்ததே தெரியாது. அந்தச் செய்தியை வரிக்கு வரி எடுத்துப் போட்ட வேறு தளங்களில் 'மீது' அப்படியே இருந்தது. சரக்கு கொடுக்கிறவர்களிடமும், பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த வீட்டாரிடமும் அவர் போலீஸ் தந்த ரசீதைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். தான் திருடன் இல்லை என்று அவர் ஏன் நிரூபிக்க வேண்டும்?

சொல்லாமல் திருத்துவதுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் 'பிழைதிருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்கும்: பக்கம், வரி, பிழை, திருத்தம். பிழையற்ற பதிப்புக்குப் பெயர் வாங்கியவர் 19-ம் நூற்றாண்டு ஆறுமுக நாவலர். அச்சுக்கூடம் வைத்து, சுத்தமாக அச்சிடுவதையே ஒரு தவமாகச் செய்தவர். அந்த மரபில் வந்தவர்கள், தப்பித்தவறி நேர்ந்துவிட்ட பிழையை ஒளிக்காமல் தாங்களே பட்டியல் போட்டுக் காட்டினார்கள். 'தி இந்து' ஆங்கில நாளிதழ் 2006-ல் வாசகர் ஆசிரியர் என்ற பொறுப்பையே ஏற்படுத்தி, திருத்தங்களை வெளிப்படையாக வெளியிட்டது. தாளில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் காசு. அங்கேயே இடம் ஒதுக்கினார்கள். இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. செய்தியின் கீழே 'காலை 11 மணிக்கு இந்தப் பெயர் திருத்தப்பட்டது' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையச் செய்தி நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்க வேண்டும், வந்த புகாருக்கு 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றன. அந்த விதிகளில் ஊடகச் சுதந்திரத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று வழக்குகள் தொடரப்பட்டன. பம்பாய் உயர் நீதிமன்றம் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அரசு செய்தியறைக்குள் கை நீட்டுவதை நானும் விரும்பவில்லை. ஆனால் கடைக்காரர் மாதிரி ஒருவர் கூப்பிட்டுப் பேச ஒரு எண், அதை எடுக்க ஒரு மனிதர் என்பதைச் செய்தி நிறுவனங்கள் தாங்களாகவே செய்திருந்தால் யாரும் விதி போட வேண்டியிருக்காது. அந்தக் கடைக்காரருக்கு 15 நாட்களும் பயன்படாது. அன்று மத்தியானமே வேண்டியிருந்தது.

மென்பொருள் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, நல்லதுதான். நீச்சல்காரன் உருவாக்கிய நாவி சந்திப்பிழையைக் காட்டும், வாணி எழுத்துப்பிழையைக் காட்டும்; இரண்டையும் நானும் பயன்படுத்துகிறேன். ஒரு சொல்லோடு உருபும் காலமும் இடமும் ஒட்டிக்கொண்டே போகிற மொழிக்கு இப்படி ஒரு கருவி செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒவ்வொரு செய்தி அறையிலும் அவை இருக்க வேண்டும். ஆனால் பணி, பனி இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். திருப்பத்தூர் சரியான எழுத்துக்கூட்டல். கடைக்காரர் விஷயத்தில் கருவி காட்டுவதற்கு எதுவுமே இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிற செய்திகளில் ஒற்றுகூடப் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கிறது. வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகிறது. இதனால் எனக்குக் கவலை கூடியிருக்கிறது. முன்பு தட்டுத்தடுமாறிய வாக்கியத்தைப் பார்த்தாலே படிக்கிறவர் கொஞ்சம் உஷாராவார். தவறான மாவட்டமும் தவறான தொகையும் இப்போது நல்ல தமிழில் வந்து உட்காருகின்றன.

எல்லாச் செய்திக்கும் பழைய புரூஃப் செக்‌ஷன் மாதிரி இரண்டு பேரை வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். சினிமாச் செய்தியில் ஒரு ஒற்று போனால் யார் குடியும் மூழ்காது. ஆனால் யாராவது இறந்த செய்தி, கைதான செய்தி, பள்ளி விடுமுறை, தேர்வுத் தேதி, மருந்து, அரசு உதவித்தொகை ஆகியவை, அதை எழுதாத இன்னொருவர் கண்ணில் படாமல் வெளியே போகக் கூடாது. ஐந்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, சம்பளம் வராத தனியார் பள்ளிகளில் மாறி மாறி வேலை பார்க்கும் பிள்ளைகள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற புரூஃப் ரீடர்கள் பலர் இன்னும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காலைப் பேப்பரில் பிழைகளை வட்டமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தளம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அவர்களில் ஒருவரை ஒரு ஷிஃப்டுக்காவது கூப்பிட்டு உட்கார வையுங்கள். நிருபரை நேரடியாகப் போனில் கூப்பிட்டுக் கேட்கிற உரிமையை அவருக்குக் கொடுங்கள். முதலில் போலீஸ் நிலையத்திலிருந்து வருகிற செய்திகளை அவரிடம் தாருங்கள்.